வண்டலி நீட்டிய நூல்

குளத்தடிச் சேறுகூட வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி ஒருத்தி அதற்குள் குடியிருந்தாள். பேர் வண்டலி. மக்கிய இலைச்சாறுதான் அவளுக்குச் சோறு. எவ்வளவு தின்றாலும் கடைசியில் வயிற்றில் கொஞ்சம் மின்பொறி மிஞ்சும். அதை வெளியே தள்ளினால்தான் மூச்சு வரும். மேல்தண்ணீரில் இருப்பவர்கள் காற்றிடம் தள்ளிவிடுவார்கள். அடிச்சேற்றில் காற்றுக்கு எங்கே போவது? அங்கே கிடந்த இரும்புத் துருக்கல்லில் போய் ஒட்டித்தான் எல்லாரும் பொறியை இறக்கினார்கள்.

அதிலும் ஒரு கட்டுப்பாடு. தின்று மிஞ்சியது எச்சில். அவரவர் எச்சிலை அவரவரே கல்லில் கொட்ட வேண்டும், அடுத்தவர்மேல் படவே கூடாது.

ஒரு மழைக்கு இலையும் சருகும் வந்து குவிந்தன. வண்டலி அப்போதுதான் இரண்டாகப் பிளந்து, மகள் குருணையைப் பெற்றிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, நல்ல பசி. தாயும் மகளும் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே கொட்டியதில் பக்கத்துத் துருவெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இனி ஒரு பொறிகூட வாங்காது. தூரத்துக் கல்லுக்குப் போகலாமென்றால், புதுச்சேறு அமுக்கியதில் நகரவும் முடியவில்லை.

“அம்மா, மூச்சு முட்டுது,” என்றாள் குருணை. சொன்னதுமே சுருண்டு சாய்ந்தாள்.

பக்கத்துச் சேற்றில் களியம்மா இருந்தாள். அவளும் நுண்ணுயிரிதான், குமிழி ஊதிப் பிழைக்கிறவள். அடுப்பு மூட்டப் பொறி கிடைக்காமல் பட்டினி கிடந்தாள்.

“ஏன்டி, பிள்ளை துவண்டு கிடக்குது, நீ என்னத்தை வயித்துக்குள்ள பூட்டி வச்சிருக்கே?” என்று கேட்டாள்.

“எச்சில், மதினி. உங்க மேல எப்படிப் போடுறது?”

“நெருப்புல என்னடி எச்சில்? உனக்கு மிச்சம், எனக்கு அடுப்புக்கங்கு. நீட்டு இங்கே.”

நீட்டக் கை ஏது? குருணையை ஒட்டி அணைத்துக்கொண்டு, இடியாப்பம் பிழிகிற மாதிரி தன் உடம்பிலிருந்தே ஒரு நூலைப் பிழிந்து விட்டாள் வண்டலி. அது சேற்றிடுக்கில் நெளிந்து போய்க் களியம்மாவைத் தொட்டது. முதலில் மகளின் பொறி ஓடியது, பிறகு தாயுடையது. அங்கே அடுப்புப் பற்றியது. களியம்மா ஊதிய குமிழி மேலே போய் வெடித்தது.

குருணை மூச்சு விட்டாள். விட்ட கையோடு பசிக்கிறது என்றாள்.

அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். தங்களுக்கும் மூச்சு முட்டியதும் சத்தமில்லாமல் ஆளாளுக்கு நூல் விட்டார்கள்.

இன்றைக்கும் சேற்று நுண்ணுயிரிகள் மின்சாரம் ஓடும் நூல் வளர்ப்பதும், கல் எட்டினால் கல்லுக்கு, எட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்கு என்று பொறியைக் கடத்துவதும், குளத்தில் கால் வைத்தால் குமிழி கொப்பளிப்பதும், களியம்மாவின் அடுப்பு எரிந்த அன்று தொடங்கியதுதான்.