யாருக்காவது கருத்து உண்டா?

தென்மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பொதுக்கொள்கைத் துறையில் எஸ்தர் பேராசிரியர். வயது முப்பத்தாறு. அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த சுடலைமணிக்கு நாற்பத்தைந்து.

சுடலைமணி பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். வெளியே வந்த பிறகு தபாலில் பட்டம் வாங்கி, மேல்படிப்பும் படித்து, கடைசியில் ஆய்வுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஆசிரியரை அவர் 'மேடம்' என்பார். ஆசிரியர் அவரை 'சார்' என்பார். மற்ற மாணவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் கிடையாது.

கிராம சபைக் கூட்டங்களில் மக்கள் எப்படிப் பங்கெடுக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. அதற்காகக் கீழப்பனையடி என்ற ஊரை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து கூட்டம் முடிந்த மூன்றாம் நாள், எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து எஸ்தரின் மேஜையில் வைத்தார்.

"என்ன சார், முகம் கடுகடுன்னு இருக்கு?"

"மேடம், நூத்திப் பத்துப் பேர் வந்தாங்க. பதினாலு தீர்மானம் வாசிச்சாங்க. ஒருத்தர் வாய் திறக்கல. பால்வாடியை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் மாத்தப் போறாங்களாம். மூணு வயசுப் பிள்ளைக அந்த ரோட்டைத் தாண்டிப் போகணும். தாய்மாருக எல்லாம் முன்னாடியே உக்காந்திருக்காங்க. தலைவர், 'யாருக்காவது கருத்து உண்டா'ன்னு கேக்காரு. ஒரு சத்தம் இல்ல. கையெழுத்துப் போட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க."

எஸ்தர் பக்கங்களைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: 'பொது விஷயங்களில் இம்மக்களுக்கு அக்கறை இல்லை.'

"ஏன் மேடம் இப்படி இருக்காங்க?"

எஸ்தர் பக்கங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம். ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களுமாக இருபத்தைந்து பேர். துறைத்தலைவர் ஒவ்வொரு பொருளாக வாசித்துக்கொண்டு போனார்.

ஆறாவது பொருள் துறை நூலகம். அது மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். சுடலைமணிக்கு வகுப்பு முடிவதே நாலே முக்காலுக்கு. "பூட்டுறதைப் பாக்கத்தான் மேடம் தினம் ஓடிப் போறேன்" என்று எஸ்தரிடம் ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"நூலக நேரம் இப்போது உள்ளபடியே தொடரலாம். யாருக்காவது கருத்து உண்டா?"

சுடலைமணி நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். எதிரே இரண்டு மூத்த பேராசிரியர்கள் ஏதோ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மாணவர் செல்போனில் இருந்தார். கதவைத் திறந்துகொண்டு டீயும் வடையும் வந்தன.

"சரி, ஏழாவது..."

கூட்டம் முடிந்தது. பதிவேடு சுற்றி வந்தது. சுடலைமணி கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் எஸ்தர் நின்றிருந்தார்.

"வடை நல்லா இருந்துச்சுல்ல சார்?"

"ஆமா மேடம்."

நாலு அடி நடந்த பிறகுதான் சுடலைமணி நின்றார். திரும்பிப் பார்த்தபோது எஸ்தர் போயிருந்தார்.

மறுநாள் காலை சுடலைமணி எஸ்தரின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த நூலக விஷயத்தைக் கூட்டத்துல சேக்கச் சொன்னது யாரு மேடம்?"

"நான்தான். உங்களுக்காகத்தான் சேர்த்தேன்."

"அப்ப நான் பேசாம இருந்தப்ப ஒரு இடி இடிச்சிருக்கலாம்ல?"

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்த மாதிரி இருந்தது.

"நீங்க பேசலைன்னா நானே பேசிடணும்னுதான் சார் நினைச்சிருந்தேன். எனக்கும் வாய் வரலை. ஏழு வருஷமா இங்க இருக்கேன். ஏழு வருஷமும் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கேன்."

சுடலைமணி அவரையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயமா மேடம்?"

"பயம்னு சொல்ல முடியலை. உங்களுக்கு?"

"எல்லையில மூணு வருஷம் நின்னவன் மேடம். பயமெல்லாம் இல்ல. ஆனா என்னதுன்னு சொல்லத் தெரியல."

மேஜையில் அவருடைய எட்டுப் பக்கம் இருந்தது. யாரும் சொல்லாமலே அதை எடுத்தார். ஏழாம் பக்கத்துக்குப் போய் அந்த வரியை அடித்தார்.

"அந்த இடத்துல என்ன எழுதப் போறீங்க?"

"தெரியலையே மேடம்."

"அப்ப கேட்டுட்டு வாங்க" என்றார் எஸ்தர்.

கீழப்பனையடியில் காலை ஏழு மணிக்கு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். சுடலைமணி கேள்வித்தாளோடு நாலு நாள் அங்கே போனார்.

"கிராம சபையில நீங்க ஏன் பேசலை?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பேச என்ன இருக்கு?"

நாலு நாளும் அதே பதில். எல்லாரும் மரியாதையாகச் சொன்னார்கள். ஒருத்தி வெயிலில் நிற்காதீர்கள் என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் அவர் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். தொட்டித் திண்டில் உட்கார்ந்து, தன் நூலகக் கதையைச் சொன்னார். தொண்டையைச் செருமியது, டீ வந்தது, வடை தின்றது, கையெழுத்துப் போட்டது, ஒன்றையும் விடவில்லை.

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது.

"துப்பாக்கி தூக்குன கை, பேசணும்னு மேல தூக்க வரலையோ அண்ணாச்சி?" என்றாள் மாரிக்கனி. பீடி சுற்றுகிறவள். இடுப்பில் மூன்று வயது மகள்.

"வரலையேம்மா."

"எங்களுக்கும் அதே கததான். வாசிக்கதெல்லாம் புரியத்தான் செய்யுது. என்ன சொல்லணும், எப்படி ஆரம்பிக்கணும்னு மனசுக்குள்ள கோத்துக்கிட்டு இருப்போம். அதுக்குள்ள, 'எல்லாருக்கும் சம்மதம்தானே'ன்னு அடுத்ததுக்குப் போயிருதாங்க. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் பேச்சு முழுசா வரும்."

"பால்வாடி விஷயம்?"

சிரிப்பு நின்றது.

"போன வருசம் அந்த ரோட்டுல எங்க ஆடு ரெண்டு அடிபட்டுச்சு. இவள எப்படி அண்ணாச்சி அந்தப் பக்கம் அனுப்புவேன்? அனுப்பமாட்டேன். வீட்டுலேயே வச்சுக்கிடுவேன். அப்புறம், பிள்ளைக வரலன்னு பால்வாடியவே மூடிருவாங்க."

அன்றைக்குச் சுடலைமணி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராக எஸ்தரிடம் வந்தார்.

"மேடம், காந்தி ஜெயந்திக்கு அடுத்த கிராம சபை. பால்வாடி இடத்துக்குக் கடைசி முடிவு அன்னைக்குத்தான். நான் எந்திரிச்சுப் பேசிரட்டா? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லாரி போகுதுன்னு எண்ணி வச்சிருக்கேன். விதி நம்பர் எல்லாம் கையில இருக்கு. அவங்களைவிட நான் தெளிவாப் பேசிருவேன்."

எஸ்தர் தன் செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சார், ஒரு உதவி. எங்கம்மாகிட்ட பேசணும். போன வாரம் நான் ஏதோ சுருக்குன்னு சொல்லிட்டேன். நாலு நாளா அவங்க என்கூடப் பேசறதில்லை. நீங்க பேசி, எனக்காக மன்னிப்புக் கேட்டுடுங்க. உங்களுக்கு நல்லாப் பேச வரும்."

சுடலைமணி பதறினார்.

"நானா? நான் எப்படி மேடம்? அவங்க என்ன நினைப்பாங்க? நீங்க பேசினாத்தான அவங்களுக்கு..."

நிறுத்திக்கொண்டார்.

எஸ்தர் இன்னும் போனை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"நிஜமாவே கோபமா இருக்காங்களா மேடம்?"

"நிஜமாத்தான் சார்."

"அப்ப இப்பவே பேசிருங்க. நான் வெளியே நிக்கேன்."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். உள்ளே, "அம்மா, நான்தான்" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அது துறையில் யாரும் கேட்டிராத குரல். சுடலைமணி இன்னும் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அக்டோபர் இரண்டு. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். எஸ்தரும் வந்திருந்தார். இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஊராட்சிச் செயலாளர் வாசித்தார். தலைவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒன்பதாவது தீர்மானம், பால்வாடிக்குப் புதிய இடம்.

"யாருக்காவது கருத்து உண்டா?"

மாரிக்கனி எழுந்தாள். கையில் மகள் இல்லை. யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"வந்து... அந்த இடம் வந்து..."

அதற்கு மேல் வரவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சிவந்துவிட்டது.

தலைவர் கெட்டவர் இல்லை. "பரவாயில்லம்மா, உக்காரு. அப்புறமா ஆபீசுக்கு வந்து சொல்லு" என்றார். செயலாளர் பக்கத்தைத் திருப்பினார்.

சுடலைமணிக்கு அந்த நிமிடம் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. லாரிக் கணக்கு, விதி நம்பர், பிள்ளைகளின் எண்ணிக்கை. பக்கத்தில் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை. மாரிக்கனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடலைமணி எழுந்து நின்றார்.

தலைவர் கவனித்தார். "சார், நீங்க எதுவும் சொல்லணுமா?"

"இல்லங்க. நான் இந்த ஊர்க்காரன் இல்ல. அந்தம்மா சொல்லப் போறாங்க. கேக்கதுக்குத்தான் நிக்கேன்."

தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செயலாளரின் கை பக்கத்தின் மேலேயே நின்றது. ஒலிபெருக்கி மட்டும் இரைந்தது. நூறு பேர் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருவருமாக நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மெதுவாச் சொல்லு மாரி. யாரு வெரட்டுதா?"

மாரிக்கனி தலைப்பை விட்டாள்.

"அந்த ரோட்டுல எங்க ஆட்டயே எங்களால காப்பாத்த முடியல. பிள்ளைகள அனுப்ப மாட்டோம். தொட்டிக்குப் பக்கத்துல பொறம்போக்கு கெடக்கு. அங்க கட்டுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். உடனே அவளுக்குப் பின்னால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தலைவர் இரண்டு கையையும் தூக்கி, "ஒவ்வொருத்தராப் பேசுங்க தாயி" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

"இத்தன நாளா யாரும் சொல்லலியே. அந்த இடம் சும்மா கெடந்துச்சுன்னுதான் எழுதினோம்" என்றார் கடைசியில். செயலாளர் ஒன்பதாவது தீர்மானத்தை அடித்து, வேறு எழுதினார்.

நவம்பரில் அதிகாரிகள் வந்து தொட்டிக்குப் பக்கத்து நிலத்தை அளந்தார்கள். அனுமதி புதிதாக வாங்க வேண்டும், கட்டடம் வர ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்றார்கள். பரவாயில்லை என்றார்கள் பெண்கள். அதுவரைக்கும் பழைய ஓட்டுக் கட்டடத்திலேயே பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அதே நவம்பர் துறைக் கூட்டத்தில் நூலக நேரத்தைப் பற்றி ஒருவர் எழுந்து பேசினார். அது எஸ்தர். குரல் கொஞ்சம் நடுங்கியது. துறைத்தலைவர், "ஏழு மணி வரைக்கும் திறந்து வைக்கலாமே, இதுல என்ன?" என்றார்.

டிசம்பரில் சுடலைமணி கீழப்பனையடி பற்றிய பகுதியைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். இந்த முறை நாற்பது பக்கம். எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். சுடலைமணி எதிரே கைகட்டிக் காத்திருந்தார்.

முப்பத்தோராம் பக்கத்தில் எஸ்தர் நின்றார்.

"'மாரிக்கனி எழுந்தார். தன் எதிர்ப்பைத் தெரிவித்தார்.' இப்படி எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"எழுந்ததுக்கும் தெரிவிச்சதுக்கும் நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் நடக்கலையே மேடம். எல்லாரும் சும்மா இருந்தோம்."

"எவ்வளவு நேரம்?"

சுடலைமணி யோசித்தார். "ரெண்டு நிமிஷம் இருக்கும்."

எஸ்தர் தாள்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தார்.

"அதுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்க சார்."