கானமயிலும் சிங்கவால் குரங்கும் சாட்சி சொன்ன கதை

ஒரு மலை, அதுக்குக் கீழ ஒரு பொட்டல், ரெண்டுக்கும் சேத்து ஒரு ராசா இருந்தாராம். கிரீடம் மட்டும்தான் அவரோடது, மூளையெல்லாம் மந்திரி மருதப்பனோடது.

மலைக்காட்டுல ஒரு சிங்கவால் குரங்கு, அது மரத்த விட்டு இறங்கவே இறங்காது. பொட்டல்ல ஒரு கானமயிலு. பேருதான் மயிலு, ஆட்டுக்குட்டி உசரத்துல தரையிலயே நடக்கும், மரத்துல உக்காராது, வருசத்துக்கு ஒரே முட்டை, அதையும் வெறுந்தரையில இடும். ரெண்டு சாதியும் கொறஞ்சு கொறஞ்சு விரல்விட்டு எண்ணுற அளவுக்கு வந்துருச்சாம்.

மந்திரிக்கோ காட்டை வெட்டணும், பொட்டல உழணும். 'ரெண்டுல எது ஒசத்தின்னு பாப்போம் மகாராசா'ன்னு சபைக்குக் கூப்பிட்டான். குரங்கு மரத்துக்கு மரம் தாவி வந்து அரமனை வேப்பமரத்துல உக்காந்துச்சு, கானமயிலு நடந்து வந்து கீழ நின்னுச்சு. மந்திரி கேக்க ஆரம்பிச்சான்.

"கானமயிலே, உனக்கு மரம் வேணுமா?"

"மரமா? தூ! நரி ஒளிஞ்சு வரவா? தொங்குற கழுதைக்குத்தான் அது வேணும்."

"குரங்கே, உனக்குப் பொட்டலு வேணுமா?"

"சீ, கால் அழுக்காயிரும்! இந்தக் கோழிக்குத்தான் அது வேணும்."

"கேட்டீங்களா மகாராசா? மரம் வேணாமாம், வெட்டிருவோம். தரை வேணாமாம், உழுதுருவோம். அதுகளே சொல்லிருச்சு!"

ராசா கைதட்டுனாரு. சிரிக்காதீங்கடா, நெசமாவே தட்டுனாரு.

மறுநாக் காலையில காட்டுல கோடாலி, பொட்டல்ல ஏரு. கானமயிலு முட்டைய மறைச்சுக்கிட்டுக் கதறுது. ஏரோட்டி சடையன் பாவம் பாத்து, "ராசா சொன்னாத்தான் நிறுத்த முடியும் தாயி. முட்டைக்கு இன்னும் பத்து சால் உழவு இருக்கு, ஓடு"ன்னான். ஓடுச்சு. வேப்பமரத்துல குரங்கு ஏற்கெனவே அழுதுக்கிட்டு இருந்துச்சு.

"அக்கா, எல்லாம் என் வாய்க்கொழுப்பு."

"என் வாயி மட்டும் என்னவாம்? வா, அவன் கேட்ட மாதிரியே கேப்போம்."

ராசா முன்னாலயே கேட்டுச்சுங்க.

"சமையக்காரரே, உமக்கு மந்திரி வேணுமா?"

"எனக்கெதுக்கு? உப்பு இருந்தாப் போதும்."

"யானைப்பாகரே, உமக்கு?"

"எனக்கெதுக்கு? அங்குசம் இருந்தாப் போதும்."

"மகாராணி, உங்களுக்கு?"

"எனக்கெதுக்கு? அவன் போனா இவரு எங்கூட நாலு வார்த்தை பேசுவாரு."

"கேட்டீங்களா மகாராசா? மந்திரி யாருக்கும் வேணாமாம், அனுப்பிருவோம்!"

மருதப்பன் குதிச்சான். "அநியாயம்! என்னைப் பத்தி இவங்ககிட்டயா கேக்குறது? யாருக்கு வேணுமோ அவங்ககிட்டல்ல கேக்கணும்!"

ராசா பொறந்ததுலேருந்து மொத தடவையா யோசிச்சாரு. "அப்ப நேத்து நீ ஏன்டா மாத்திக் கேட்ட?"

ஏரையும் கோடாலியையும் உடனே நிறுத்தச் சொன்னாரு. ஆளு பறந்துச்சு, ஏரு முட்டைக்கு ஒரு சால் முன்னாடி நின்னுச்சு. வெட்டுன மரத்துக்கெல்லாம் கன்னு நட்டு, குரங்கு தாவுற உசரம் வர்ற வரைக்கும் மருதப்பன் தண்ணி ஊத்தணும்னு ராசா உத்தரவு போட்டாரு. கன்னு இப்பத்தான் முழங்கால் உசரம் வந்துருக்காம். அவன் ஊத்தட்டும், நீங்க தூங்குங்க.