சடையன் வைத்த சிவப்புப் புள்ளி

மூங்கில் காட்டில் சடையன் என்றொரு குரங்கு இருந்தது. அதன் உயிர்த்தோழி மின்னி என்ற தேவாங்கு. காட்டோரத்து விடுதிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன வண்ணக்குண்டுத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு, மிருகங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடும். குண்டு பட்டால் உடைந்து மேலெல்லாம் சாயம் தெறிக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள்.

சடையன் சுட்டால் ஒன்றும் படாது. ஒரு தடவை தன் கட்சி முயல் மேலேயே சாயத்தை அடித்துவிட்டது. காடே சிரித்தது!

சடையன் துப்பாக்கி பழுதுபார்க்கும் கீரியிடம் ஓடியது. "குறி பார்க்க ஏதாவது கொடுப்பா!"

கீரி ஒரு மூங்கில் வளையத்தைக் கொடுத்தது. "இதைத் துப்பாக்கி மேலே கட்டிக்கோ. வளையத்துக்குள்ளே ஆள் தெரிந்தால் சுடு. யாருக்கும் ஆபத்தில்லை. நாலு நாள் பழகணும்."

"நாலு நாளா? பந்தயம் இன்றைக்குச் சாயங்காலம்!" சடையன் சுற்றுலாக்காரர் பையிலிருந்து தூக்கிவந்த லேசர் விளக்கை எடுத்து அமுக்கியது. தூரத்து மரத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது. "புள்ளி எங்கேயோ, குண்டும் அங்கே! எப்படி?"

"ஐயோ, வேண்டாம்! அந்த ஒளி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்!"

"அட போப்பா! எல்லோரும்தான் கண்ணாடி போட்டிருக்கிறோமே!"

"அது குண்டைத்தான் தடுக்கும். ஒளியையும் தடுத்தால் உனக்கு எதிரே இருப்பது எப்படித் தெரியும்?"

சடையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேசர் விளக்கைத் துப்பாக்கி மேலே கட்டிக்கொண்டது. பாவி, ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்!

அன்று சடையன் சுட்டதெல்லாம் பட்டது. எதிர்க்கட்சியில் மின்னி மட்டும்தான் பாக்கி. இலை மறைவில் அதன் பெரிய கண்கள் தெரிந்தன. சடையன் நெற்றிக்குக் குறி வைத்தது. கை ஆடியது. புள்ளி இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் அலைந்தது. பிறகுதான் குண்டு பாய்ந்தது.

"ஜெயிச்சாச்சு!" என்று சடையன் குதித்தது.

மின்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. மறுபடியும் துடைத்தது. "சடையா, சாயம் இன்னும் போகலையா? எல்லாம் இருட்டாவே இருக்கே!"

கண்ணாடியில் சாயமே இல்லை.

சடையன் லேசர் விளக்கைக் கல்லில் அடித்து உடைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அழுது என்ன செய்ய? இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் தேவாங்குக்குக் கண்தானே எல்லாம்!

இப்போது மின்னிக்குச் சடையன்தான் பூச்சி பிடித்துக் கொடுக்கிறது. இருட்டில் குரங்குக்குச் சரியாகக் கண் தெரியாது. ஒன்றோ இரண்டோதான் அகப்படும். "போதும் சடையா, வயிறு நிறைஞ்சுபோச்சு" என்று மின்னி பொய் சொல்லும். அதைத்தான் சடையனால் தாங்க முடியவில்லை.

ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பிறருக்கு ஆபத்தான கருவியைக் கையில் எடுப்பவரால், பிறகு எவ்வளவு அழுதாலும் போனதைத் திருப்பித் தர முடியாது.