ரொட்டி வரிசையில் கடைசி ஆள்

கியூபா நாட்டில் எலியாசர் என்று ஒருவன் இருந்தான். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறிகிறவன். அவன் எறிந்தால் எதிராளியின் மட்டை காற்றைத்தான் அடிக்கும்.

வெளிநாட்டுக்கு ஆடப் போன இடத்தில் அவனுடைய அறைக் கூட்டாளி நாடு திரும்பாமல் ஓடிப்போனான். "உனக்குத் தெரியாமலா போனான்?" என்று கேட்டார் விளையாட்டு வாரிய அதிகாரி ஒக்தாவியோ. தெரியாது என்றான் எலியாசர். அவர் நம்பவில்லை. இனி ஆடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருஷம் போயிற்று. எலியாசர் ஒரு நாள் தவறாமல் சர்க்கரை ஆலைச் சுவரில் நூறு தரம் பந்து எறிந்தான். பந்தின் தோல் கிழிந்தால் தானே தைத்துக்கொண்டான். கை துருப்பிடிக்கவில்லை. மனசும் ஆறவில்லை. இரண்டு வருஷம் முடிந்த மாதம் ஒக்தாவியோ மூன்று தரம் வீடு தேடி வந்தார். அவன் கதவைத் திறக்கவில்லை.

அவனுடைய குரு பசிலியோ. ஒரு காலத்தில் அவன் எறிந்த பந்தையெல்லாம் பிடித்தவர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திக் குந்தி முழங்கால் தேய்ந்துபோனவர்.

"வாத்தியாரே, ஒரு நாள் விடாம எறிஞ்சாச்சு. இன்னும் என்னதான் செய்யணும்?"

"ரொட்டி வாங்கப் போறேன். கூட வா."

அங்கே சர்க்கார் கடையில்தான் ரொட்டி. ஆனால் வரிசை நம்மூர் வரிசை மாதிரி இல்லை. வருகிறவர் "கடைசி யாரு?" என்று உரக்கக் கேட்பார். கடைசியாக வந்தவர் கை தூக்குவார். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கை தூக்காவிட்டால் வரிசை அறுந்துபோகும்.

பசிலியோ கேட்டார். குடை வைத்திருந்த ஓர் அம்மாள் கை தூக்கினாள். அவளுக்குப் பின் பசிலியோ, அவருக்குப் பின் எலியாசர். இருவரும் மாமர நிழலில் உட்கார்ந்தார்கள்.

"கடைசி யாருங்க?"

எலியாசர் நிமிர்ந்து பார்த்தான். துணிப்பையோடு ஒக்தாவியோ நின்றிருந்தார். இவன் கை தூக்கவில்லை.

"கடைசி யாரு?"

குடைக்கார அம்மாள் திரும்பினாள். "ஏம்பா, கையில சுளுக்கா?"

யாரோ சிரித்தார்கள். பசிலியோ முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். ஒக்தாவியோவுக்குப் பிறகு இன்னும் நாலு பேர் வந்து, யாருக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் வெயிலில் நின்றார்கள்.

எலியாசர் மெல்லக் கையைத் தூக்கினான். "நான்தான்."

ஒக்தாவியோ அவனருகே வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"உன் தடையை எடுத்தாச்சு. உன் கையிலதான் கொடுக்கணும்னு உத்தரவு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா இந்த வருஷ ஆட்டக்காரங்க பட்டியல்ல உன் பேர் இருக்காது. மூணு தரம் கதவைத் தட்டினேன்."

"என்மேல தப்பு இல்லேன்னு எழுதியிருக்கா?"

"இல்லே. ஆடலாம்னு எழுதியிருக்கு."

எலியாசர் காகிதத்தை வாங்கி விரித்துப் படித்தான். பிறகு பசிலியோவின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்ததும் மூச்சு ஒன்று விட்டான். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்த மூச்சு.

ரொட்டியோடு திரும்பும்போது கேட்டான்.

"அவர் வருவார்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அவரும் ரொட்டி தின்கிற மனுஷன்தானே."



"இன்னும் அவரை நான் மன்னிக்கலே, வாத்தியாரே."

"மன்னிக்கச் சொல்லி அவர் எங்கே கேட்டார்? கடைசி யாருன்னுதானே கேட்டார்."