ஏகாம்பரம் நடந்த வேகத்தில் ஒரு விரால்

கோணேரிப்பட்டில் புத்திசாலிகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தார்கள். பஸ் வசதி வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், எனக்கு அவர்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது.

முதல் ஆள் பொன்னுரங்கம். அவருடைய அக்கா மகள் சுகுணாவுக்குப் போன வாரம்தான் கல்யாணம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளையின் அம்மா ராஜகாந்தம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி, மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை இலையில் விழும் மீன் பெண்ணின் தாய்மாமன் தன் கையால் பிடித்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை இலையில் கை வைக்க மாட்டார், எழுந்து போய்விடுவார்.

சுகுணாவுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் பொன்னுரங்கம். அவள் கண் கலங்கினால் இவருக்குச் சோறு இறங்காது. ஆனால் வாழ்நாளில் அவர் பிடித்தது பஸ் மட்டும்தான், அதிலும் பாதி ஊர் மாறிப் போயிருக்கிறார்.

சனிக்கிழமை ஏரி மீன் குத்தகைக்காரர் வஜ்ஜிரவேலுவிடம் போய் யோசனை கேட்டார். வஜ்ஜிரவேலு விவரமான மனிதர். ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்காமல் பேசுவார்.

"வலை உனுக்கு வராது பொன்னுரங்கம். தூண்டிலை நூறு அடி பின்னாடி விட்டு, படகுல மெதுவா இழுத்துக்கினே போ. பளபளன்னு ஒரு ஸ்பூனைக் கட்டு, மீன் அதைப் பார்த்துத் துரத்தும். முள்ளு முனையில ஒரு மக்காச்சோள மணியை வை. சத்தம் போடாத. ஒரு ஆள் நடக்கிற வேகத்துலதான் படகு போவணும். மீன் மாட்டுற வரைக்கும் நிறுத்தாத."

பொன்னுரங்கம் எல்லாவற்றையும் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார். "எந்த ஆளுண்ணே?" என்றார்.

"எந்த ஆளா இருந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டு வஜ்ஜிரவேலு வலை காயப்போடப் போய்விட்டார். அங்கேதான் வந்தது வினை.

பொன்னுரங்கம் தன் கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஒருவர் வேம்புலி, அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். இன்னொருவர் ஏகாம்பரம். அவருக்கு வேலை என்று தனியாக எதுவும் இல்லை, யாராவது சொன்னால் செய்வார்.

தூண்டில் கம்புக்குக் குடை ஒன்றின் துணியைக் கிழித்துவிட்டு வெறும் கம்பியை எடுத்துக்கொண்டார்கள். நூலுக்குத் துணி காயப்போடும் நைலான் கயிறு. சுகுணாவுக்குச் சீர் கொடுத்த எவர்சில்வர் ஸ்பூன்களில் ஒன்றை எடுத்து, ஆணியால் ஓட்டை போட்டுக் கட்டினார்கள். முள் மட்டும் கிடைக்கவில்லை. வேம்புலி இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கியை எடுத்து வைத்தார்.

"நூறு கிலோ வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல மீன் வந்தா ரெண்டு தடவையா எடுத்துக்கலாம்."

சோள மணியைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தார்கள். பச்சையாக வைப்பதா, வேகவைத்தா என்பதுதான் பிரச்சனை.

"பஸ் ஸ்டாண்டுல உப்பு, மிளகாய்த் தூள், எலுமிச்சம்பழம் தேய்ச்சுத் தராங்க. அப்படித் தந்தா நான் துரத்தினு போவேன்," என்றார் ஏகாம்பரம்.

"நீ போவ. மீனுக்கு உப்புக் காட்டினா இன்னும் தண்ணி குடிக்கும். ஏரியில ஏற்கெனவே தண்ணி கம்மி," என்றார் பொன்னுரங்கம். அந்தப் பொறுப்புணர்ச்சிக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பச்சை மணி ஒன்றைக் கொக்கி முனையில் நூலால் கட்டினார்கள். யானைத் தந்தத்தில் மூக்குத்தி மாட்டியது போல் இருந்தது.

படகு வஜ்ஜிரவேலுவுடையது. கயாக் என்பார்கள், இரண்டு பேர் உட்காரும் ஒடுக்கமான பிளாஸ்டிக் படகு. ஞாயிறு காலை அதைக் கரையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூராக இருந்தது. எது முன்பக்கம்?

"எது முன்னாடின்னு தெரியாம ஏறினா, பின்னாடி போய்ச் சேர்ந்துருவோம்," என்றார் வேம்புலி.

பொன்னுரங்கம்தான் வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு பக்கம் பார்த்து, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துவிட்டால், எது முன்பக்கமாக இருந்தாலும் அங்கே பார்க்க ஒரு ஆள் இருப்பார்.

இனி வேகம். "ஒரு ஆள் நடக்கிற வேகம்னு அண்ணன் சொன்னாரு. அந்த ஆள் நீதான் ஏகாம்பரம். கரையிலயே நட. நாங்க உன்னைப் பார்த்துனே வரோம். மீன் மாட்டுற வரைக்கும் நிறுத்தாத," என்றார் பொன்னுரங்கம். ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொறுப்பு வந்திருந்தது.

ஆளுக்கொரு துடுப்பு. பொன்னுரங்கம் கிழக்கே பார்த்துப் போட்டார், வேம்புலி மேற்கே பார்த்துப் போட்டார். இருவருமே பலசாலிகள், ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. தண்ணீர் கொந்தளித்தது. படகு இருந்த இடத்திலேயே இருந்தது.

கரையில் ஏகாம்பரத்துக்குத் தர்மசங்கடம். நிற்கவும் கூடாது, படகை விட்டு முன்னால் போகவும் கூடாது. கடைசியில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் தூக்கி நடந்தார். அந்த வழியாக வந்த டவுன் பஸ், பாவம் அவசரமாக வருகிறார் போலிருக்கிறது என்று ஐந்து நிமிடம் நிறுத்திக் காத்திருந்தது. கண்டக்டர் விசிலடித்தும் அவர் நெருங்கி வராததால் போய்விட்டது.

"வேகம் சரியா இருக்குதா?" என்று கேட்டார் வேம்புலி.

"நூலு பிடிச்சாப்புல இருக்குது. அவனும் அங்கதான் இருக்கான், நாமளும் இங்கதான் இருக்கோம்."

"சத்தம் போடக் கூடாதுன்னு அண்ணன் சொன்னாரே. நாம பேசுறோமே."

பொன்னுரங்கம் திடுக்கிட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீனைப் பத்திப் பேசினாத்தான் மீனுக்குச் சந்தேகம் வரும். நாம ஆட்டுக்கறி பத்திப் பேசுவோம்," என்று கிசுகிசுத்தார். அதிலிருந்து இருவரும் தண்ணீருக்குக் கேட்கும்படி சத்தமாக, தங்களுக்கு ஆட்டுக்கறிதான் உயிர் என்றும் மற்றது எதுவும் வாயில் வைக்கப் பிடிக்காது என்றும் பேசிக்கொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் பொன்னுரங்கத்துக்குக் கை ஓய்ந்தது. துடுப்பை மடியில் வைத்தார். உடனே படகு மேற்கே கிளம்பியது. அப்படியாக வேம்புலி முன்னால் பார்த்துத் துடுப்புப் போட, பொன்னுரங்கம் பின்னால் பார்த்துக் குடைக்கம்பியைப் பிடித்திருக்க, எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

ஏரி முழுக்க இழுத்தார்கள். ஒரு மீன்கூட அந்தக் கொக்கியை மதிக்கவில்லை. மணி பதினொன்று. விருந்து பன்னிரண்டுக்கு.

"வேம்புலி, அந்தக் குழந்தை பந்தியில நின்னு அழுதா நான் எந்த மூஞ்சியை வெச்சுனு பார்ப்பேன்?"

"மூஞ்சியை அப்புறம் பார்த்துக்கலாம். ஏரி முடிஞ்சிருச்சு. அவன் நிக்காம போறானே," என்றார் வேம்புலி.

உண்மைதான். படகு கரையில் முட்டி நின்றது. ஏகாம்பரமோ ஏரிக்கரைச் சாலை திரும்பிய இடத்தில் தானும் திரும்பி, ஊருக்குள் நடந்துகொண்டிருந்தார்.

"படகு அந்த ஆள் வேகத்துல போவணும்னுதான் அண்ணன் சொன்னாரு. தண்ணியிலதான் போவணும்னு சொல்லல," என்றார் பொன்னுரங்கம்.

இருவரும் இறங்கி, படகைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டார்கள். வேம்புலி முன்னால் பார்த்து நடந்தார். பொன்னுரங்கம் தண்ணீரில் இருந்த மாதிரியே பின்னால் பார்த்து, ஒரு கையில் படகும் ஒரு கையில் குடைக்கம்பியுமாகப் பின்னோக்கி நடந்தார். நூறு அடிக்குப் பின்னால் ஸ்பூனும் கொக்கியும் தெருவில் கணகணவென்று வந்தன. ஒரு கோழி ஓடிவந்து சோள மணியைக் கொத்திக்கொண்டு போனது.

"சின்னதா ஒண்ணு கடிச்சுது. பெருசு பக்கத்துலதான் இருக்கணும்," என்றார் பொன்னுரங்கம். அவர் குரலில் புது நம்பிக்கை வந்திருந்தது.

இப்போது சுகுணாவின் அப்பா தணிகாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சானைப் பற்றி அவருக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். அதனால் விடியற்காலையிலேயே யாருக்கும் தெரியாமல் சந்தைக்குப் போய் மூன்று கிலோ விரால் ஒன்று வாங்கி, செதில் நீக்கி, கீறி, மசாலா தடவி, கொல்லைப்புறத் துவைகல் மேல் தட்டில் ஊற வைத்திருந்தார். பொன்னுரங்கம் வெறுங்கையோடு வந்தால் அதை அவர் கையில் திணித்துவிடுவதாக ஏற்பாடு.

ஏகாம்பரம் எப்போதும் போகிற குறுக்குவழி அந்தக் கொல்லை. அதன் வழியாகப் போய் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே படகும் வந்தது. படகு வாசலுக்கு வந்தபோது கொக்கி கொல்லையில் இருந்தது. அது துவைகல்லைத் தடவி, தட்டைத் தட்டிவிட்டு, விராலின் வாயில் மாட்டியது. அதே நேரத்தில் காலையிலிருந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த பூனை மீனின் வாலைக் கவ்வியது.

பொன்னுரங்கத்தின் கை வெடுக்கென்று இழுபட்டது.

"மாட்டிருச்சு. பலமா இழுக்குது வேம்புலி."

படகைப் போட்டுவிட்டு இருவரும் கயிற்றை இழுத்தார்கள். அந்தப் பக்கம் பூனை இழுத்தது. இரண்டு நிமிடம் பெரிய போராட்டம். "உறுமுது," என்றார் வேம்புலி பயபக்தியோடு. கடைசியில் பூனை தோற்றது. வீட்டு மூலையைத் திரும்பிக்கொண்டு, புழுதியில் புரண்டபடி, விரால் வந்து சேர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு வாசலுக்கு வந்தவர்களில் ராஜகாந்தமும் இருந்தார். பொன்னுரங்கம் மீனை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினார். கொல்லையிலிருந்து காலித் தட்டோடு ஓடிவந்த தணிகாசலம் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சுகுணா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜகாந்தம் மீனைப் புரட்டிப் பார்த்தார். செதில் இல்லை. குடல் இல்லை. நான்கு கீறல், ஒவ்வொன்றிலும் மசாலா. குனிந்து மோந்து பார்த்தார்.

"பூண்டு தூக்கலா இருக்குதே," என்றார்.

"ஏரியில தண்ணி கம்மி சம்பந்தியம்மா. அதான் கெட்டியா இருக்குது," என்றார் பொன்னுரங்கம்.

"உங்க கையாலதான் பிடிச்சீங்களா?"

"ஏரிக்கரையில இருந்து எங்க பின்னாடியேதான் வந்துச்சு. வாசல்ல வந்துதான் பிடிகொடுத்துச்சு."

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். ராஜகாந்தம் மீனை இன்னொரு முறை பார்த்தார், பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருஷமா நம்ம ஊரு ஏரி மீனைச் செதில் உரசி உரசி என் நகமே போச்சுடா. இவங்க ஊரு மீனைப் பாரு, எவ்வளவு பொறுப்பா வருது. இந்த வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்னு நான் சொன்னேனா இல்லியா?"

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தார். மீனைக் கழுவிப் பொரித்து வைத்ததும் மூன்று துண்டு சாப்பிட்டார். சுகுணா சிரித்தாள். அதைப் பார்த்துப் பொன்னுரங்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் ஏகாம்பரம் ஏழாவது முறையாக வீட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். மீன் மாட்டிவிட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தாம்பூலம் வாங்கும்போது ராஜகாந்தம் பொன்னுரங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆடிச் சீருக்கு வரும்போது, பொரிச்ச மீனாவே பிடிச்சுக் குடுக்க முடியுமா?"

பொன்னுரங்கம் தாடையைச் சொறிந்தார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"பொரிச்சது தண்ணிக்கு மேலாக்க வராது சம்பந்தியம்மா. நல்ல உச்சி வெயில்ல, தண்ணி காயுற நேரமாப் பார்த்துப் போவணும்."

"வெயிலை நீங்க பார்த்துக்குங்க," என்றார் ராஜகாந்தம். "எண்ணெய் எங்க வீட்டுச் செலவு. ஏரிக்கு எத்தினி டின் புடிக்கும்னு மட்டும் சொல்லியனுப்புங்க."