ராயரின் தேன் குமிழ்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற சிரிப்பு. ஆனால் அதை இப்போதே கொடுப்பதாக இல்லை. முதலில் சபேசராயரின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மேலச்சிறுவயல் சமஸ்தானத்து ராஜா குஞ்சரபூபதிக்குத் திடீரென்று ஓர் ஆசை. ஊர் ஊராக வண்டி கட்டிப் போய் கரோக்கி நடத்த வேண்டும். வெறும் இசை ஓடும். அதன் மேலே முதலில் ராஜா பாடுவார், பிறகு ஜனங்கள் பாடுவார்கள். ராஜாவின் குரல் எப்படி என்கிறீர்களா? கன்றைத் தொலைத்த எருமையைக் கேட்டிருந்தால் போதும்.

"குரலையும் இசையையும் கலக்க என்ன மிக்சர் வாங்கலாம்? குரலுக்கு என்ன பூச்சு பூசலாம்?" என்று சபையில் கேட்டார் ராஜா.

அரண்மனை விகடகவி கொளஞ்சி எழுந்தான். யாருடைய குரலிலும் பேசுவான், அதுதான் அவன் பிழைப்பு. கக்கத்தில் ஒரு சின்ன மிக்சரை இடுக்கிக்கொண்டிருந்தான்.

"இது போதும் மகாராஜா. எக்கோ இதற்குள்ளேயே இருக்கிறது. நம் ஜனங்களைத் தெரியாதா? ஒருத்தன் மைக்கை விழுங்குவான், ஒருத்தன் தொப்புளுக்கு நேரே பிடிப்பான். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தும்போது சட்டென்று குறைக்க ஒரு கை எட்ட வேண்டும். அவ்வளவுதான்."

"ஹூம்!" என்று ஓர் உறுமல். சபேசராயர்! சமஸ்தானத்து நாத நிபுணர். தும்மினால்கூட சுருதி பார்த்துத் தும்முகிறவர்.

"அடேய் கொளஞ்சி, அது மிக்சரா, சோற்று டப்பாவா? மகாராஜாவின் குரலை அதிலா ஊற்றுவது?" என்று கைதட்டினார். நான்கு பேர் மூச்சு வாங்க ஒரு ராட்சச மிஷினைத் தூக்கி வந்தார்கள். எங்கு பார்த்தாலும் குமிழ். எங்கு பார்த்தாலும் விளக்கு.

"இந்தக் குமிழைத் திருகினால் குரலில் தேன். இதைத் திருகினால் வெல்வெட். இது, குகைக்குள் சிங்கம்!"

சபை மொத்தமும் "ஆஹா!" என்றது. விளக்கு எரிந்தால் ஆஹா சொல்வது அந்தச் சபையின் வழக்கம்.

"ஐயா, இதை வண்டியில் ஏற்றி இறக்கி முடிப்பதற்குள் ஜனங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்களே?" என்றான் கொளஞ்சி.

"காது இருக்கிறவனுக்குத்தான் இதன் அருமை. உனக்கு இருப்பது கடுக்கன் மாட்டுகிற ஓட்டை!"

ராஜாவுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பெரிய மிஷின் வேண்டும்போலவும் இருந்தது, மாடுகளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. "சாயங்காலம் பாடிப் பார்ப்போம். யார் சொன்னது தோற்கிறதோ, அவர் பயணம் முழுக்க ஸ்பீக்கரைத் தலையில் சுமக்க வேண்டும்" என்றார்.

கொளஞ்சி ஸ்பீக்கரைப் பார்த்தான். அவன் இடுப்பு உயரம் இருந்தது. கழுத்து இப்போதே வலிப்பது போல் இருந்தது.

சிரிப்பு வந்துவிட்டதா? இல்லை, அடக்குங்கள்.

சாயங்காலம் முற்றத்தில் கூட்டம். ராயர் பட்டு அங்கவஸ்திரத்தோடு மிஷின் முன்னால் உட்கார்ந்தார். விரல்களை மட்டும் நீட்டிப் பயிற்சி செய்தார்.

"ராயரே, கம்பியெல்லாம் யார் சொருகுவது?" என்று பணிவாகக் கேட்டான் கொளஞ்சி.

"நானா சொருகுவேன்? அது கூலிவேலை. குமிழைத் தொடுவதுதான் கலை. நீ சொருகு."

"எதை எதில் சொருகட்டும்?"

"அதுகூடவா நான் சொல்ல வேண்டும்? போடா!"

கொளஞ்சி போனான். குனிந்தான், சொருகினான், நிமிர்ந்தான். ராயர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிஷினின் விளக்குகள் பளபளவென்று எரிந்தன. போதாதா?

இசை ஓடியது. ராஜா தொண்டையைத் திறந்தார்.

ராயர் ஒரு குமிழை நெல்மணி அளவு திருகினார். "இப்போது பாருங்கள். தேன்!"

"தேன், தேன்!" என்றார் தளபதி.

"கொஞ்சம் வெல்வெட் சேர்க்கிறேன்."

"என் காதே வழுக்குகிறது!" என்றார் அரண்மனை ஜோசியர்.

"ராயரே, இடது காதுப்பக்கம் தேன் கொஞ்சம் தூக்கல். திகட்டுகிறது" என்றான் கொளஞ்சி.

ராயருக்கே ஆச்சரியம். "பரவாயில்லையே, கழுதைக்கும் ஞானம் வருகிறது!" என்று ஒரு குமிழைக் குறைத்தார். "இப்போது?"

"அடடா! சரியாகிவிட்டது!"

ராயருக்குத் தலை கால் புரியவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "சபையோரே! மகாராஜா உச்சத்தில் இழுக்கும்போது என் மிஷினை அணைக்கப் போகிறேன். அந்தக் குரல் எப்படிக் காய்ந்து போகிறதென்று கேளுங்கள். அப்போது தெரியும் அருமை!"

ராஜா உச்சத்துக்குப் போனார். ராயர் பொத்தானை அழுத்தினார். விளக்கெல்லாம் பட்டென்று அணைந்தது.

"ஐயோ, போச்சே!" என்று தளபதி மார்பில் அடித்துக்கொண்டார். ஜோசியர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டாயா கொளஞ்சி? வறட்டுக் குரல்! ஒரு சொட்டுத் தேன் இல்லை!"

"ஆமாம் ஐயா, பாலைவனம்" என்றபடி கொளஞ்சி மடியிலிருந்து ஒரு நீளக் கம்பியை உருவினான். "இது மட்டும் மிச்சமாகிவிட்டது. உங்கள் மிஷினிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியாம். இதை எதில் சொருகட்டும்?"

ராயர் கம்பியைப் பார்த்தார். இருண்டு கிடந்த மிஷினைப் பார்த்தார். மைக்கின் கம்பி எங்கே போகிறதென்று முதல்முறையாகப் பார்த்தார். அது ராஜாவின் காலடியிலிருந்த பூக்கூடைக்குள் போயிற்று. கொளஞ்சி கூடையைத் தூக்கினான். உள்ளே அந்தச் சோற்று டப்பா, ஒரே ஒரு பச்சை விளக்கோடு.

ராஜா பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மைக் கையில்தான் இருந்தது. அந்தச் சிரிப்பு எக்கோவோடு மதிலில் மோதி, திரும்பி, மறுபடி மோதியது. ஹா… ஹா… ஹா…

கொளஞ்சி மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தான். செத்துக் கிடந்த ஒரு குமிழை நெல்மணி அளவு திருகினான். ராயரின் குரலிலேயே, ராயரின் உறுமலோடு சொன்னான்:

"இப்போது கேளுங்கள். மகாராஜாவின் சிரிப்பில் தேன்!"

ராயர் அங்கவஸ்திரத்தை உருவி, மடித்து, தலைக்குச் சும்மாடு கட்டிக்கொண்டார்.