சாம்பி பெற்ற ஐந்து

முன்னொரு காலத்திலே, செம்பாறை நாடு என்றொரு நாட்டைக் கொண்டல்ராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். அவனுடைய குதிரை மேகன் போரில் விழுந்து மூன்று வருஷமாகியும் வேறு குதிரையின் முதுகில் அவன் ஏறவில்லை. ஏங்கி ஏங்கிப் பாதி ஆளாகிவிட்டான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சபையில் சொல்லிவிட்டான்: "எனக்கு மேகன் மாதிரி ஒரு குட்டி வேண்டும். அதைப் பெற்றுத்தரக்கூடிய தாய்க்குதிரை எதுவென்று நாளைக்கே காட்டுங்கள். உதவாத கிழடுகளையெல்லாம் வெளியூர் வியாபாரிகளிடம் தள்ளிவிடுங்கள்!"

லாயத் தலைவர் சங்கரபூபதிக்கு வாயெல்லாம் பல். ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி நல்லமாணிக்கத்தையே கேட்கிறாரே என்று அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். குதிரை விஷயத்திலாவது மந்திரியை மட்டம் தட்டலாமல்லவா?

மறுநாள் வெண்பட்டு என்ற பெண்குதிரையைப் பூச்சூட்டிக் கொண்டுவந்தார். ஓலைக்கட்டைப் பிரித்துப் பதினாலு தலைமுறை பாட்டன் பூட்டன் பெயரை மூச்சுவிடாமல் வாசித்தார். "கழுத்தைப் பாருங்கள் மகாராஜா! தொடையைப் பாருங்கள்! நெற்றியில் ராஜசுழி!"

"எத்தனை குட்டி ஈன்றிருக்கிறது?" என்று கேட்டார் மந்திரி.

"இனிமேல்தான் ஈனும். ஈன்றால் தேவலோகத்துக் குட்டிதான்!"

"பிறக்காத பிள்ளைக்கு இவ்வளவு புகழா! பேர்வைக்கவும் இன்றே ஆள் அனுப்பிவிடலாமே" என்றார் மந்திரி. சபை கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு விசும்பல் கேட்டது. வாசலில் முதுகு குழிந்த சாம்பல்நிறக் கிழட்டுக் குதிரை ஒன்றின் கயிற்றைப் பிடித்தபடி, லாயத்து வேலைக்காரி பொம்மக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"அது சாம்பி, மகாராஜா. கண்ணுக்குக் கீழே கண்ணீர்ச் சுழி. லாயத்துக்கே ஆகாது. வியாபாரியிடம் போகிறது" என்றார் சங்கரபூபதி.

"சாமி, இருபது வருஷமா எங்கையால புல்லுத் தின்னவ" என்றாள் பொம்மக்கா. "இவ போயிட்டா நான் யாருக்காகச் சாமி விடியமுன்ன எந்திரிப்பேன்?"

மந்திரி அவளருகே போய் மெல்ல ஏதோ விசாரித்தார். பிறகு லாயத் தலைவரிடம் திரும்பினார். "ஐயா, உமது கண்ணுக்கு நிகரில்லை. படையில் முந்நூறு குதிரை நிற்கிறது. உடற்கட்டில் தலைசிறந்த ஐந்தை நீரே பொறுக்கிக் கொண்டுவாரும்."

புகழ்ந்தால் சங்கரபூபதி புளியமரமும் ஏறுவார். பல்லைப் பார்த்து, குளம்பைத் தட்டி, உச்சிவேளைக்குள் ஐந்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மகாராஜா, இவற்றின் இடது காதுகளைத் தொட்டுப் பாருங்கள்" என்றார் மந்திரி.

முதல் குதிரையின் காதோரத்தில் கடுகளவு ஒரு கீறல் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும், நான்காவதிலும் அதே கீறல். ராஜா மறுபடி முதல் குதிரையிடமே போய்த் தொட்டுப் பார்த்தான்.

"மேகனுக்கும் இதே இடத்தில்... முள் கிழித்தது என்றல்லவா நினைத்திருந்தேன்!"

"நான் கீறினதுதான் சாமி" என்றாள் பொம்மக்கா. "அழகான குட்டிக, கண்ணு பட்டுரக்கூடாதுன்னு சாம்பி ஈன்ற குட்டிக்கு மட்டும் கீறிவிடுவேன்."

ஐந்தாவது குதிரைக்குக் கீறல் இல்லை. அது சங்கரபூபதியின் மைத்துனர் படைக்குக் கொடுத்த குதிரை. அதைப் பற்றி நாம் பேசவேண்டாம்.

"இதெல்லாம் ஓலையில் இல்லையே!" என்று திணறினார் சங்கரபூபதி.

"எப்படி இருக்கும்? தகப்பன் பேரை மட்டும் எழுதுகிறீர். சுழி கெட்டவள் என்று தாயை விட்டுவிட்டீர். தாயைப் போல பிள்ளை என்று ஊரே சொல்கிறது. இவள் தரத்துக்குச் சாட்சி வேறு எதற்கு? இவள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்ததே நீர்தானே!"

ராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினான். இனி ஓலையில் தாய் பெயர்தான் முதலில் என்றும், சாம்பிக்கு ஒரு வருஷம் சங்கரபூபதியே புல்லறுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டான். பிறகு ஆசையோடு கேட்டான்: "பொம்மக்கா, இவள் எனக்கு இன்னொரு மேகனைத் தருவாளா?"

"மாட்டா சாமி. வயசு தாண்டிருச்சு. ஈன்றது மொத்தம் அஞ்சு. ஆறு மாசம் ஆனதும் ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் கொண்டு போயிட்டாக. ஒவ்வொரு தடவையும் மூணு நாள் புல்லைத் தொடமாட்டா."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒன்றை இழந்துவிட்டு ஊரையே அழவைத்தவன் அல்லவா அவன்!

அந்த நாலு குதிரைகளையும் சாம்பியோடு புல்வெளியில் அவிழ்த்துவிடச் சொன்னான். சாம்பி ஒவ்வொன்றாக நெருங்கி, காதையும் கழுத்தையும் நிதானமாக முகர்ந்தாள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அவளைத் தெரியவில்லை, தம் பாட்டுக்கு மேய்ந்தன. நாலாவதையும் முகர்ந்த பிறகு சாம்பி தலையை நிமிர்த்தி, காதை விறைத்துக்கொண்டு, லாயத்திலிருந்து வரும் பாதையைப் பார்த்து நின்றாள்.

ராஜா போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"அவன் வரமாட்டான், தாயே" என்றான். மூன்று வருஷத்தில் அவன் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் குழந்தை போல அழுதான்.

சாம்பி மட்டும் இருட்டும்வரை பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.